‘அதான்’ என்றொரு கட்டம்

பாய்,

இன்று காலை ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் நம் லேபுக்கு வந்தார்கள். பழைய கம்ப்யூட்டரில் கிடக்கிற விவரங்களையெல்லாம் புது முறைக்கு மாற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. அதில் ஒரு பெண் திரையை நகர்த்திக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்று பக்கத்திலிருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். "மேடம், ‘அதான்’னு ஒரு கட்டம் இருக்கே, இது என்னது? உள்ள பூரா என்னென்னமோ எழுதிக் கிடக்கு. வேண்டாம்னா எடுத்துரலாமா?" என்று கேட்டாள்.

"அதை எடுத்தா உன் கையை எடுத்துருவேன்" என்றேன்.

பாவம், பிள்ளை வெலவெலத்துப் போய்விட்டாள். பிறகு காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவள் அழவில்லை. நான்தான் ரத்தம் எடுக்கிற அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்து ஒருத்தி சிரித்ததும், உங்களையே யாரோ கேலி செய்தது போலச் சுருக்கென்றது.

அது ஏன் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமானால், இரண்டு இசக்கியம்மாள்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறை. உள்ளறையில் நான், என் மைக்ராஸ்கோப். வெளியறையில் ஒரு பெஞ்சு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் செல்வி. வருகிறவர்களின் பெயர், வயது, கணவர் பெயர் கேட்டுப் பெரிய நோட்டில் எழுதிச் சீட்டுக் கொடுப்பது செல்வியின் வேலை. அதில் கணவர் பெயர் என்பது வேலையல்ல, விடுகதை. நம் பக்கத்துப் பெண்கள் உயிர் போனாலும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்களே. "அதான், பெரிய கோயில்ல இருக்காருல்லா" என்பார்கள். செல்வி ‘நெல்லையப்பன்’ என்று எழுதுவாள். "அதான், ஆடித்தவசு பாக்கப் போவோம்லா" என்றால் சங்கரநாராயணன். "சுடுகாட்டுப் பக்கம் நிக்கவரு" என்றால் சுடலைமுத்து. ஒரு தடவை ஒருத்தி, "அதான், ரெண்டு பொண்டாட்டிக்காரரு" என்று கடுகடுத்த முகத்தோடு சொன்னாள். அவள் சொன்னது சாமியையா வீட்டுக்காரரையா என்று நாங்கள் ஒரு வாரம் பேசிச் சிரித்தோம். விடுகதை அவிழ்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று செல்விக்கு ஒரு பெருமையே உண்டு. எனக்கும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு இசக்கியம்மாள்கள் வந்தார்கள். ஒருத்தி மானூர்ப் பக்கம், ஒருத்தி சேரன்மகாதேவிப் பக்கம். இரண்டு பேருக்கும் இருபத்துநாலு வயசு, இரண்டு பேரும் மாசமாக இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ரத்த குரூப் பார்க்கச் சொல்லிச் சீட்டு. கணவர் பெயர் கேட்டதற்கு இரண்டு பேருமே, "அதான், செந்தூர்ல இருக்காருல்லா" என்றிருக்கிறார்கள். செல்வி இரண்டு இடத்திலும் ‘முருகன்’ என்று எழுதினாள். ஒருத்தியின் புருஷன் ஆறுமுகம், இன்னொருத்தியின் புருஷன் சண்முகம். செந்தூரில் இருப்பவர் ஒருவர்தான், அவர் பெயர்கள்தான் நூறு. சாயங்காலம் ரிப்போர்ட் மாறிப் போனது.

சேரன்மகாதேவி இசக்கியம்மாளுக்கு ஓ குரூப். கையில் கொண்டுபோன காகிதத்தில் பி. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றதும், அந்தக் காகிதத்தை நம்பி அவள் புருஷன் ஆறுமுகம் பி குரூப்காரர்கள் மூன்று பேரைத் தேடிப் பிடித்து வேன் வைத்துக் கூட்டிவந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்கு முன்னால் வழக்கப்படி மறுபடி பார்த்திருக்கிறார்கள். பார்த்ததால் பிழைத்தாள். ஆனால் ஓ குரூப் ஆளை முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. அந்த இடைப்பட்ட நேரத்தில் அவள் எப்படிக் கிடந்தாள் என்பதை டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னார். "பேரு ஒண்ணாயிருந்தா ஆளும் ஒண்ணாயிருமாம்மா? இனிமே என் சீட்டு உங்க படி ஏறாது" என்றார். அவர் நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

நான் வார்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். வெளுத்துப்போய்க் கிடந்தாள், பக்கத்தில் பிள்ளை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எம்மேலதான் தப்புக்கா. அன்னைக்கு அவிய பேரச் சொல்லியிருக்கணும்." அப்போதும் சொல்லவில்லை. ஆறுமுகம் கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து, இனி லேபை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன்னால் செல்வியிடம், அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னேன். நம் மேல் உள்ள கோபத்தை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டுமே.

கம்ப்யூட்டர் வைத்தால் தப்பே வராது என்று அப்போது எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். மூடுவதற்கு முன்னால் அதையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று சொல்லியனுப்பினேன். முதலில் ஒருவர் வந்தார். வேறு ஊரில் ஒரு லேபுக்காகச் செய்து வைத்திருந்த ப்ரோக்ராமைப் போட்டுக் காட்டினார். கணவர் பெயர் என்ற இடத்தை நிரப்பாவிட்டால் அது அடுத்த வரிக்கே போகாது. "பாத்தியளா, எதையும் விட முடியாது!" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது பிரமாதமாகத்தான் பட்டது. மருந்துக்கடை அண்ணாச்சிதான், "அவசரப்படாதிய, மேலப்பாளையத்துல ஒரு பாய் இருக்காரு, துபாய்ல இந்த வேலை பாத்துட்டு வந்து இப்ப தனியா செஞ்சு குடுக்காரு, அவரையும் கேளுங்க" என்றார்.

நீங்கள் மொபெட்டை நிறுத்திவிட்டு மேலே வந்தீர்கள். பெட்டி இல்லை, படம் போட்ட காகிதம் இல்லை. சட்டைப்பையில் ஒரு பேனா, கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நாற்பது பக்க நோட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பத்து நாளைக்குக் கம்ப்யூட்டர் வாங்காதீங்கக்கா" என்றீர்கள். "அதுவரைக்கும் என்ன செய்வீங்க?" என்றேன். "அந்த பெஞ்சுல உக்காந்திருப்பேன்."

உட்கார்ந்தீர்கள். காலையில் வந்து மத்தியானத் தொழுகைக்கு எழுந்து போய், திரும்ப வந்து உட்கார்வீர்கள். வருகிற கொஞ்சநஞ்சம் பேருக்கும் இடமில்லை. மூன்றாம் நாள் பத்தமடையிலிருந்து வந்த ஒரு பெரியவர், "உமக்கு என்ன வே சீக்கு? மூணு நாளா இங்கனயே கெடக்கீரு போலிருக்கே" என்று உங்களைக் கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல பெரியவரே, இந்தக் கடைக்குத்தான் சீக்கு. பாத்துக்கிட்டிருக்கேன்" என்றீர்கள். உள்ளறையில் எனக்குக் கேட்டது. வெளியே வந்து, என் பிழைப்பைப் பரிகாசம் பண்ணவா உங்களை வரச் சொன்னேன் என்று பெரியவருக்கு முன்னாலேயே கத்தினேன். நீங்கள் எழுந்திருக்கவும் இல்லை, பதிலுக்குக் கத்தவும் இல்லை. "இன்னும் ஏழு நாளு பாக்கி இருக்குக்கா" என்றீர்கள். அன்று உங்களைத் துரத்தாமல் விட்டது என் பொறுமையால் அல்ல. வேறு யாரையும் கூப்பிட எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் நோட்டைப் பிரித்து மேசை மேல் வைத்தீர்கள். செல்வியின் பழைய நோட்டில் இருந்த முருகன்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, விலாசம் இருந்த வீடுகளுக்குச் சாயங்காலங்களில் மொபெட்டில் போய் விசாரித்திருந்தீர்கள். பாதிக்குமேல் முருகனே இல்லை. ஆறுமுகம், சண்முகம், சுப்பையா, வேலாயுதம், கந்தசாமி, செந்தில். இவ்வளவு நாளும் ஒரே ஒரு தடவைதான் அசம்பாவிதம் நடந்தது என்பது எங்கள் திறமையே இல்லை.

"இதுக்குத்தான் அவளை நிக்கச் சொல்லிட்டேன்" என்றேன். செல்வி மேசையில் குனிந்தபடி இருந்தாள்.

"அந்தப் பிள்ளைய எதுக்கு நிப்பாட்டுதிய? அது தப்பு பண்ணல. நீங்க கேக்கச் சொன்ன கேள்விதான் தப்பு."

"ஊரு உலகத்துல எல்லா ஃபாரத்துலயும் அப்படித்தான கேக்கான்?"

"அப்ப ஊரு உலகத்துல எல்லா ஃபாரமும் தப்புக்கா. பதில் வராதுன்னு தெரிஞ்சே ஒரு கேள்வியக் கேட்டா, கேட்டவன் தானா ஒரு பதில எழுதிக்கிடுவான். கம்ப்யூட்டர் வச்சாலும் அதையேதான் எழுதுவான். என்ன, கொஞ்சம் வேகமா எழுதுவான்."

செல்வி தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஒண்ணாம் தேதி அவள் போகவில்லை. பிறகு எந்த ஒண்ணாம் தேதியும் போகவில்லை.

"எங்க தெருவுல நின்னு மைதீன்னு கூப்பிட்டுப் பாருங்க, எட்டு வீட்டுல இருந்து தலை நீட்டுவாங்க" என்று சொன்னீர்கள். "அதனால நாங்க கிணத்தடி மைதீன், தறிக்கார மைதீன்னு சொல்லுவோம். உங்க ஆளுகளுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும்னுதான் காதத் தீட்டி வச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தேன். உங்க பெஞ்சுல உக்காந்து பொம்பளைக பேசிக்கிடுறத கேட்டியளா? முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்தா முதல்ல என்ன கேக்காங்க? உனக்குப் பொறந்த ஊரு எது? அதத்தான் கேக்காங்க. கட்டிக் குடுத்த ஊரு ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்கலாம். பொறந்த ஊரச் சொல்ல ஒரு பொம்பளையும் கூச்சப்படல."

கணவர் பெயர் கேட்பதை அன்றோடு விட்டோம். பிறந்த ஊர் கேட்டோம். ஆளுக்கொரு எண், அந்த எண் அவர்கள் கண் முன்னாலேயே ட்யூபில் ஒட்டப்படும். பெயரும் வயதும் பிறந்த ஊரும் மூன்றும் ஒத்துப்போகிற இரண்டு பேர் வந்தால், கம்ப்யூட்டர் ‘கீ’ என்று கத்தி நின்றுவிடும். நாம் வேறு கேள்வி கேட்டு ஆளைப் பிரிக்கும்வரை ரிப்போர்ட்டை அச்சடிக்காது. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. ஒரு கட்டம் மட்டும் புரியவில்லை. அதற்கு ‘அதான்’ என்று பெயர் வைத்திருந்தீர்கள்.

"சில ஆஸ்பத்திரியில புருஷன் பேரு வேணும்னு கேப்பான். அப்பவும் செல்வி விடுகதையை அவுக்கக் கூடாது. அந்தம்மா என்ன சொன்னாங்களோ, சொன்னது சொன்னபடி இங்கன எழுதணும். ஒரு எழுத்துக் கூட்டப்படாது, கொறைக்கப்படாது. மறுதடவை வரும்போது அதே சொல்லுதான் வரும், பாருங்க."

செல்வி ஒரு விரலால் தட்டித் தட்டி, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவாள். ‘அதான் பாவநாசத்துக்கு மேல காட்டுக்குள்ள இருக்க ஐயன்.’ ‘அதான் எங்க மாமியாரு தினம் கும்புடுறது.’ பெரிய கோயிலையே கும்பிடாத வேதக்காரப் பெண் ஒருத்தி, ‘அதான் எங்க சர்ச்சு வாசல்ல சாவி வச்சிட்டு நிக்கவரு’ என்றாள். நடுவில் ஒரு வரி இருக்கிறது, இன்று அந்தக் கம்பெனிப் பெண் சிரிக்காமல் தாண்டிப் போன வரி. ‘அதான் இப்ப இல்ல.’

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். பிறந்த ஊரைக் கேட்டதும் பெண்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "சிவந்திபுரம்க்கா. வீட்டுப் பொறவாசல்ல இறங்குனா ஆறு" என்று ஆரம்பித்து, அண்ணன் தம்பி கல்யாணம் வரை போவார்கள். பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். முதல் மாதத்தில் கரண்ட் போய் ஒரு நாள் பதிவு முழுவதும் அழிந்தது. மருந்துக்கடை போனில் உங்களைக் கூப்பிட்டு நான் பேசிய பேச்சுக்கு வேறொருவராக இருந்தால் அந்த மொபெட்டை இந்தப் பக்கமே திருப்பியிருக்க மாட்டார். நீங்கள் வந்து, "பாய்னா அண்ணன்னு அர்த்தம். நான் உங்களை அக்காங்கேன். அப்ப யாரு யாரத் திட்டலாம்னு முதல்ல முடிவு பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தீர்கள்.

சீட்டு அனுப்புவதை நிறுத்திய டாக்டரிடம் நான் போகவில்லை. நீங்கள்தான் போனீர்கள். அவர் ஒரு நாள் வந்து, உங்களுக்குப் பழக்கமான அதே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் அவர் சீட்டோடு நாலு பேர் படியேறி வந்தார்கள். அன்று உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து, பேச்சுவாக்கில் அச்சு இயந்திரத்தின் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று குறை சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

சில வருஷம் கழித்து ஒரு நாள் நீங்கள் வேலை விஷயமாக அல்லாமல் வந்தீர்கள். "பைய பைய ஒரு காய்ச்சல் வந்துக்கிட்டே இருக்குக்கா. சும்மா ஒரு தரம் பாருங்க" என்றீர்கள். செல்விக்கு ஒரே குஷி. உங்களை உட்கார வைத்து எல்லாக் கேள்வியும் கேட்டாள். பிறந்த ஊர் மேலப்பாளையம். அதோடு விடாமல், "உங்க வீட்டம்மா பேரு என்ன பாய்?" என்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தீர்கள். "அதான்... வீட்டுல இருக்காவ" என்றீர்கள். செல்வி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சொன்னது சொன்னபடி எழுதவும் செய்தாள்.

நான் உள்ளே ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் அப்படிக் குவிந்து கிடக்கக் கூடாது, அந்த உருவத்தில் இருக்கவும் கூடாது. அந்த நிமிஷம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? இது ஆள் மாறிய ரத்தமாக இருக்கட்டும் என்று. அன்றைக்கு வந்தவர்களில் வேறு யாருடையதாவது இருக்கட்டும் என்று. ட்யூபில் எண்ணைப் பார்த்தேன், திரையில் பார்த்தேன், மறுபடி ட்யூபில் பார்த்தேன். வெளியே வந்து, ரத்தம் உறைந்துவிட்டது, இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்று உங்களிடம் பொய் சொன்னேன். நீங்கள் சட்டைக் கையை மடித்து நீட்டினீர்கள். "என் ப்ரோக்ராம் மேலயே சந்தேகமாக்கா?" என்றீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் ஊசியை எடுத்தேன்.

இரண்டாவதும் அதேதான். இத்தனை வருஷமும் எந்த ஏற்பாட்டை நம்பி நிம்மதியாகத் தூங்கினேனோ, அன்று அதை வெறுத்தேன். ஒரே ஒரு தடவை அது தப்புப் பண்ணியிருக்கக் கூடாதா என்று கருவினேன்.

செல்வியிடம் கொடுத்தனுப்ப மனசு வரவில்லை. நானே ரிப்போர்ட்டை எடுத்துவந்து பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே போக வேண்டும் என்றேன். நீங்கள் காகிதத்தைப் படிக்கவில்லை. என் முகத்தைப் படித்தீர்கள்.

"ஆள் மாறலையேக்கா?"

"மாறல பாய்."

"அப்ப சரி" என்றீர்கள். பிறகு, "மாறியிருந்தா இன்னொருத்தன்லா என் காகிதத்தைப் பாத்துப் பயந்துக்கிட்டு இருப்பான். நான் அவன் காகிதத்தை வச்சுக்கிட்டு நல்லாருக்கேன்னு வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றீர்கள். ரிப்போர்ட்டை நாலாக மடித்துப் பேனா இருந்த பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினீர்கள்.

அந்த வாரமே வைத்தியத்துக்குப் போனதால் மூன்று வருஷம் கிடைத்தது. மூத்த பெண்ணின் நிக்காஹ் நடந்தது, நானும் செல்வியும் வந்து பிரியாணி சாப்பிட்டோம். நீங்கள் மௌத்தான பிறகு உங்கள் வீட்டம்மா ஒரு நாள் என்னைத் தேடி வந்தார்கள். "நாள் தெரிஞ்சு இருந்தாங்க. எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணிட்டுப் போனாங்க. நீங்க சரியாச் சொன்னதுனாலதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சரியாகச் சொல்ல வைத்தது யார் என்று அன்று அவர்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

லேப் இப்போது கீழ்த்தளத்துக்கு வந்து பெரிதாகிவிட்டது. எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். ஆனால் கெட்ட சேதி உள்ள ரிப்போர்ட்டை நான் யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை. நானே கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்கிறேன். காகிதத்தைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான், வேறு வேறு சொல்லில். இது என்னுடையதுதானா, மாறிக்கீறிப் போயிருக்குமா என்று. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "மாறல" என்று என்னால் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்லும்படி என்னை ஆக்கிவைத்தது நீங்கள், பாய். அந்தச் சொல்லை நான் முதன்முதலாகச் சொன்னதும் உங்களிடம்தான்.